ஏரிக்குள் ஒரு மைதானம்

ஊர் கூடும் இடங்கள் – 11

போன வாரம் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு, விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் தமிழ்க் குடும்பத்தினரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவர்களோடு நின்றுகொண்டேதான் நானும் பெங்களூர் வந்து சேர்ந்தேன். அல்சூரில் அக்கா வீடு. அக்காவைக் கட்டிய மாமா, அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த வாரம் முழுக்க அவர் பின்னால்தான் நடக்கப் போகிறோம். போகும் இடம், ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம்.

கால்பந்தில் நான் சீசனுக்கு வந்து போகும் ரசிகன். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் இரவெல்லாம் விழித்திருப்பேன். சென்னையின் எஃப்.சி. ஜெயித்தால் மகிழ்ச்சி, தோற்றால் மறுநாள் காலை வேறு வேலை வந்துவிடும். அப்படிப்பட்ட என்னை ஒரே இரவில் உட்கார வைத்து, கால்பந்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்த இடம் இது. இந்தத் தொடருக்குப் பட்டியல் போட்ட அன்றே இந்த மைதானத்தின் பெயரையும் எழுதிவிட்டேன்.

2025 ஆகஸ்டில் ஒரு காலை. கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி கஸ்தூர்பா சாலையில் நடந்தோம். அரசு அருங்காட்சியகத்தின் சிவப்புக் கட்டடத்தையும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தையும் தாண்டினால் சாலை மெல்ல இறங்குகிறது. ஆட்டோவில் போகிறவர்களுக்கு இந்தச் சரிவு தெரியாது. நடக்கிறவனுக்கு முழங்கால் சொல்லிவிடும்.

"தண்ணி ஓடி வந்த வழி மச்சான் இது" என்றார் மாமா.

கண்டீரவா மைதானம் இருக்கும் இடம் முன்பு சம்பங்கி ஏரி. கன்டோன்மென்டுக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி. 1890களின் நடுவில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் ஊருக்குள் வந்ததும் அந்தத் தேவை குறைந்தது. தேவை குறைந்த ஏரி என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பெங்களூரிலேயே தர்மாம்புதி ஏரியில்தான் கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரியும் அப்படியே வற்றி, மேடாகி, விளையாட்டுத் திடலானது. இன்று நாம் பார்க்கும் ஸ்டேடியம் 1997இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது.

ஆனால் ஏரி முழுசாகப் போய்விடவில்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளமாக ஒடுங்கி இன்னும் இருக்கிறது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது கரகம். பெங்களூர் கரகத்தை நடத்துகிறவர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், தலைமுறை தலைமுறையாகத் தோட்டப் பயிர் செய்த சமூகம். அவர்கள் தெய்வம் திரௌபதி. செஞ்சி, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் கரகம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம்போல இருக்கும். சித்ரா பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து பெரிய கரகம் புறப்படும். அதற்கு முன் ஹசி கரகம் என்ற சடங்குக்கு இந்த சம்பங்கிக் குளக்கரைக்குத்தான் வந்தாக வேண்டும். மைதானம், ஹோட்டல், மால், ஆஸ்பத்திரி எல்லாம் சுற்றி வளைத்த பிறகும் அந்தத் துளி நீரை யாராலும் மூட முடியாததற்குக் காரணம் அந்த ஒரு சடங்கு.

பெயருக்கு வருவோம். கண்டீரவம் என்றால் சிங்கம். 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையாரின் பெயர் இது. அவரைப் பற்றிக் கன்னட நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று நம் திருச்சியில் நடக்கிறது. அங்கே யாராலும் வெல்ல முடியாத ஒரு மல்லன் இருந்தானாம். கண்டீரவர் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் மாறுவேடத்தில் வந்து, அவனை வீழ்த்திவிட்டு, பரிசு எதுவும் வாங்காமல் ஊர் திரும்பிவிட்டாராம். ராஜ்குமார் அந்த வேடத்தில் நடித்து 1960இல் படமும் வந்தது. வெளியூர் மைதானத்துக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்த ஒருவரின் பெயரை ஒரு விளையாட்டரங்கத்துக்கு வைத்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கம்பி வேலி வழியாக உள்ளே பார்த்தோம். கால்பந்து இல்லை. அந்த ஜூலையில்தான், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் பற்றிய இழுபறியில், ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எப்போது தொடங்கும் என்று அந்தக் காலையில் யாருக்கும் தெரியவில்லை. ஓடுபாதையில் மட்டும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி குனிந்து, விரல் நுனிகளைக் கோட்டில் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, கைதட்டல் சத்தத்துக்குக் காத்திருந்தாள். பயிற்சியாளர் கை தட்டியதும் முப்பது மீட்டர் ஓடி நின்றாள். திரும்பி நடந்து வந்தாள். மறுபடி குனிந்தாள். நாங்கள் நின்ற நேரத்தில் பதினோரு முறை. ஓட்டம் அதேதான், ஒவ்வொரு முறையும் எழும்போது முதுகு நிமிரும் வேகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இந்த ஓடுபாதையைப் பற்றி நான் மனம் மாறியது அங்கேதான். கால்பந்து பார்க்க வருகிறவர்களுக்கு ஓடுபாதை ஒரு குறை. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் கொண்ட ஆடுகளத்தைச் சுற்றி எட்டு பேர் ஓடும் பாதை போட்டால், ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் வீதம் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம் அதற்கே போய்விடும். கோல் கம்பத்துக்குப் பின்னால் பாதை வளைவதால் அங்கே தூரம் இன்னும் அதிகம். கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்களில் இந்த இடைவெளி கிடையாது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் கோலுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு கேலரியில், நின்றபடி பார்க்கிறவர்கள் மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர். கண்டீரவா முழுவதும் நிரம்பினால் வருகிற கூட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் முறை வந்தபோது நானும் அந்தப் பாதையைச் சபித்தேன்.

ஆனால் இந்த ஊரின் ஓட்டக்காரர்களுக்கு இது பயிற்சிக் களம். கால்பந்து அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு இடம் கொடுத்ததில் தங்கள் பயிற்சி நேரம் போகிறது என்று தடகளத்துக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 2025 ஜூலை 5 அன்று இதே களத்தில் நீரஜ் சோப்ரா தன் பெயரிலான போட்டியில் 86.18 மீட்டர் ஈட்டி எறிந்து முதலிடம் பிடித்தார். இலங்கையின் ருமேஷ் பத்திரகே மூன்றாமிடம். கால்பந்து முடங்கிய அதே மாதம்.

இந்த மைதானத்தின் கணக்கில் விளையாட்டு இல்லாத நாளும் உண்டு. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் திடீரென்று இறந்தபோது உடலை இங்கேதான் வைத்தார்கள். இரவு பகலாக வரிசை நகர்ந்தது. மாமா அந்த வரிசையில் நின்றாராம். "கோல் போட்டா கத்துற எடத்துல, மூச்சு விடுற சத்தம்தான் கேட்டுச்சு" என்றார்.

அங்கிருந்து என்னைக் கௌதமபுரத்துக்கு அழைத்துப் போனார். "ஸ்டேடியத்தப் பாத்துட்ட. அது எங்கருந்து வந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

தெரு முனையில் சிலைகள். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா. பக்கத்தில், பெலே. தெய்வமாகவும் தலைவராகவும் கும்பிடுகிறவர்களின் வரிசையில் ஒரு பிரேசில் கால்பந்து வீரனை நிறுத்தி வைத்திருக்கும் தெரு அது. தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தப் பகுதிக்கு மினி பிரேசில் என்று பெயர் வந்து வெகுகாலமாகிறது. கன்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பந்து வாங்கக் காசில்லாத நாளில் துணிப்பந்து. பூட்ஸ் இல்லாத நாளில் வெறுங்கால். மாமாவின் வலது கால் கட்டைவிரல் நகம் இன்றும் இரண்டாகப் பிளந்துதான் இருக்கிறது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, செருப்பைக் கழற்றியபோது முதலில் என் கண்ணில் பட்டது அந்த நகம்தான்.

பெங்களூரின் கால்பந்து 2013இல் தொடங்கியது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன். அந்த ஆண்டு ஜூலையில்தான் பெங்களூரு எஃப்.சி. பிறந்தது. முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம் வென்றது. அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 1937இலேயே பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றிருக்கிறது. அதுவரை ராணுவ அணிகளின் கையில் இருந்த கோப்பை. மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். சுதந்திர இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடியது 1948இல், லண்டனில், பிரான்சுக்கு எதிராக. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் என்று கொல்கத்தா கொண்டாடிய ஐவரில் அகமது கானும் தன்ராஜும் இந்த ஊர்க்காரர்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்தான்.

மாமா இந்தப் பெயர்களைச் சொல்லும் முறையே தனி. அப்பா, சித்தப்பா, பெரியப்பா என்று சொல்வதுபோலச் சொல்வார். 2023 மார்ச் 4ஆம் தேதி ரியாத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் டிராஃபியைக் கொண்டுவந்தபோது, மைசூர் மாநிலமாக இருந்த காலத்தில் கடைசியாக ஜெயித்து 54 வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாள் இரவுதான் கண்டீரவாவில் நாடே பேசிய அந்தச் சம்பவம். எக்ஸ்ட்ரா டைமில் பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்க, கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்திலிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவே இல்லை. பிறகு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. டி.வி.க்காரர்கள் வாரக்கணக்கில் அதையே காட்டினார்கள். "அந்தச் சத்தத்துல நம்ம கப்பு வந்தது யாருக்கும் கேக்கல மச்சான்" என்றார் மாமா. அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். 2018 மார்ச் 17, சனிக்கிழமை. ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும்.

காவிரித் தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை அக்கா கண்ணால் பார்த்தவள். "வாயத் தெறக்காம உக்காந்துட்டு வா. கோல் போட்டா எழுந்து நிக்காத" என்று பத்து முறை சொல்லி அனுப்பினாள். இரண்டு அணிக்கும் நிறம் நீலம் என்பதால் சட்டை விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கவலை இல்லை. புள்ளிப் பட்டியலில் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம். இரண்டாமிடத்தில் இருந்த சென்னைக்கு 32. சொந்த ஊர், சொந்த மைதானம். சென்னை ஜெயிக்கும் என்று நானே நம்பவில்லை.

வாசலுக்கு நூறடி முன்னால் மாமா ஒரு கடலை வண்டியிடம் நின்றார். பாக்கெட்டில் இருந்த சில்லறை முழுவதையும் எடுத்து அந்தப் பெரியவர் கையில் கொட்டினார். அவர் எண்ணாமலேயே ஒரு காகிதத்தில் மடித்து, தராசுக்குக் கீழே இருந்த தகர டப்பாவில் போட்டார். அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பொட்டலங்கள். மைதானத்துக்குள் நாணயம் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆட்டம் பார்க்க வருகிற பழைய ஆட்கள் இப்படி அவரிடம் கொடுத்துவிட்டுப் போய், திரும்பும்போது வாங்கிக்கொள்வார்களாம். வாசலில் மாமா கன்னடம் பேசினார். கடலைக்காரரிடம் தமிழ். கேலரியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உருது. ஒரே மூச்சில், எங்கே மாறினார் என்றே தெரியாமல்.

படியேறி கேலரிக்குள் நுழைந்தபோது நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் முதுகில் இடித்தார். வெளிச்சத்தில் புல் அப்படி ஒரு பச்சையாக இருக்கும் என்று எந்த டி.வி.யும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. டி.வி.யில் மைதானம் சின்னது. பந்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான் உலகம். இங்கே இருபத்திரண்டு பேரும் ஒரே பார்வையில். வெற்று இடம் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நாங்கள் கிழக்குப் பக்கம். எதிரே மேற்குக் கேலரியில் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ். இந்த அணிக்காகத் தொண்டை கிழியப் பாடும் கூட்டம். அவர்கள் தலைக்கு மேல் கைகளை உயர்த்தித் தட்டுவது முதலில் தெரியும். சத்தம் கிட்டத்தட்ட அரை வினாடி கழித்துத்தான் நம்மிடம் வந்து சேரும். மத்தளம் அடிக்கிற கை இறங்கிய பிறகு, ஒரு இமைப்பொழுது கழித்து, நெஞ்சில் அடி விழும். ஓடுபாதை பிரித்து வைத்த தூரத்தை அந்தச் சத்தம் தாண்டி வருவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை இங்கே 3-1 என்று வென்று, ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்திய அணியானது பெங்களூரு. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கவே இல்லை என்றார் மாமா.

விசில் ஊதியது. நான் பந்தைத் துரத்திக் கழுத்தை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமா என் முழங்காலில் தட்டினார்.

"பாலப் பாக்காத மச்சான். பால் இல்லாதவனப் பாரு."

"யாரை மாமா?"

"சேத்ரிய மட்டும் பாரு. அஞ்சு நிமிசம். எங்கயும் கண்ண எடுக்காத."

பார்த்தேன். ஒரு தேசிய அணித் தலைவன் இவ்வளவு நேரம் சும்மா நடப்பான் என்று நான் நினைத்ததில்லை. நடந்தார். நின்றார். தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் இருந்த டிஃபண்டரை ஒரு பார்வை. இரண்டடி இடப்பக்கம். மறுபடி ஒரு பார்வை. ஆட்டம் எங்கோ நடந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் ஒரு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று கேலரி எழுந்தது. வலப்பக்கம் உதாந்தா சிங் பந்தோடு பறக்கிறார் என்பது சத்தத்தில் இருந்தே புரிந்தது. மாமா பேச்சைக் கேட்டு நான் திரும்பவில்லை. சேத்ரி அதுவரை நடந்த நடையை விட்டு நாலே எட்டில் வேகமெடுத்தார். பிறகு உடம்பைத் தரைக்கு இணையாக வீசினார். காற்றில் அவர் கிடந்த அந்தக் கணத்தில்தான் பந்து என் பார்வைக்குள் வந்தது. நேராக அவர் நெற்றிக்கு. ஒன்பதாவது நிமிடம். கோல்.

மொத்த கேலரியும் துள்ளியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அக்கா சொன்னதற்காக இல்லை. என்ன பார்த்தேன் என்று எனக்கே புரிய நேரம் வேண்டியிருந்தது. ஒரு கோல், பந்து வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. எத்தனை உலகக் கோப்பை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட இது தெரிந்ததில்லை.

அதன் பிறகு பந்தை விட்டுவிட்டேன். பதினேழாவது நிமிடத்தில் சென்னைக்கு கார்னர். கிரெகரி நெல்சன் அடிக்கப் போனார். "அந்த நெட்டையன் மேல்சன்மேல கண்ண வை" என்றார் மாமா. மெய்ல்சன் ஆல்வெஸ். பிரேசில்காரர், சென்னையின் டிஃபண்டர். கூட்டத்தில் ஒருவராக நின்றவர் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினார். 1-1. இருபத்தைந்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் அமைதியாவதை அன்றுதான் கேட்டேன். எங்கோ ஒரு மூலையில் சென்னையிலிருந்து வந்த கூட்டத்தின் சத்தம் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. முதல் பாதி முடியும் நேரம், 45ஆவது நிமிடம், மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மெய்ல்சனின் தலை. மாமா தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு தடவ அதே ஆளு. அதே மாதிரி. யாரு பாத்துக்கணும் அவன?" இது தோற்கிற ஆத்திரம் இல்லை. ஆடியவனின் வருத்தம்.

67ஆவது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்தார். 3-1. அவரும் பிரேசில்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "மூணு கோலும் பிரேசில்காரன் போட்டிருக்கான். எங்க தெருவுல பெலேக்கு செல வெச்சு என்ன பிரயோஜனம், உங்க ஊருக்குப் போயி ஆடுறானுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டியவன் நான். என் ஊர் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நிமிடம் பெங்களூரு இன்னொரு கோல் போடட்டும் என்று மனதார வேண்டினேன். 92ஆவது நிமிடம் உதாந்தா தூக்கிப் போட்ட பந்தை மிக்கு தலையால் உள்ளே தள்ளினார். 3-2. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். நேரம் போதவில்லை.

திருச்சி மல்லன் கதையை மனதில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஜெயித்தார்கள், கண்டீரவர் பெயர் தாங்கிய மைதானத்தில்.

யாரும் நாற்காலியை உடைக்கவில்லை. பாட்டிலை எறியவில்லை. முன்வரிசையில் முகத்தில் நீலம் பூசியிருந்த ஒரு பையன் அழுதுகொண்டே இருந்தான். கண்ணீர் வழிந்த இடத்தில் மட்டும் நீலம் கரைந்து இரண்டு கோடாகத் தோல் தெரிந்தது. அவன் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். என் வாயிலிருந்து தமிழ் வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "சென்னையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை கொடுத்தார். அவ்வளவுதான்.

2025 ஜூன் 4ஆம் தேதி இங்கிருந்து நடை தூரத்தில், சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்தில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு இந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. தோற்ற ஊர் ஒன்று, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடிக்காமல், அவசரமில்லாமல் இறங்கி வந்த படிக்கட்டு. ஆட்டம் பார்க்கப் போகிற எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். இதற்கு மேல் எந்தக் கோப்பையும் இல்லை.

வெளியே வந்தோம். கடலை வண்டியில் அரிக்கேன் விளக்கு மாதிரி ஒரு பேட்டரி விளக்கு. பெரியவர் டப்பாவைத் திறந்து, ஒரு தயக்கமும் இல்லாமல் மாமாவின் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். எத்தனை வருடமாக இங்கே வண்டி போடுகிறீர்கள் என்று கேட்டேன். இந்த அணி இங்கே ஆட வந்ததிலிருந்து என்றார். ஒரு ஆட்டமாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்று தலையாட்டினார். வியாபாரம் அந்த நேரத்தில்தானே.

பிறகு அவராகவே கேட்டார்:

"ரெண்டு தடவ கத்துச்சு. நடுவுல மூணு தடவ சத்தம் அப்படியே அறுந்து போச்சு. மூணு ரெண்டா?"

"மூணு ரெண்டுதான்" என்றார் மாமா.

பெரியவர் ஒரு கூம்பில் கடலையை அள்ளி நிரப்பி, மாமாவைத் தாண்டி, என் கையில் கொடுத்தார்.